மருந்துக் கொம்பில் ஒத்தக் கொம்பு

அத்தியாயம் 5

பொணத்தோட கையில இருந்து அந்தக் கொம்பைப் புடுங்கறதுக்கு ரெண்டு வெரலை ஒடைக்க வேண்டியிருந்துச்சாம். காலங்காத்தால சம்பங்கி காதுல வுழுந்த மொத சேதி இதுதான். சொன்னவன் பால்காரன். சொம்பைக் கீழ வச்சுட்டு நடிச்சே காட்டினான்.

"எந்த வெரலு?"ன்னு கேட்டான் சம்பங்கி.

"அது எதுக்குண்ணா உனுக்கு?"

"மோதிர வெரலா இருந்தா போலீஸு புடுங்குனது கொம்பை இல்லன்னு அர்த்தம். அதுக்குத்தான்."

சம்பங்கி ஒரு காலத்துல தங்கச் சுரங்கத்து ஷாஃப்ட்டு வாசல்ல, ஆளுங்கள கீழ எறக்கற கூண்டுக்கு மணி அடிக்கிற ஆளு. மூணாவது லெவல்ல எறக்க வேண்டிய ஒரு வெள்ளைக்காரத் தொரைய ஏழாவது லெவலுக்கு எறக்கிட்டான். ஏன்டான்னு கேட்டதுக்கு, "தொரை ஆழமான ஆளுன்னு நெனச்சேன்"ன்னான். வேலை போச்சு. வாய் மட்டும் போகல. அதுக்கப்புறம்தான் கொர்னேலியஸ் கிட்ட வந்து ஒட்டிக்கினான்.

கொர்னேலியஸ் வேலூரு ஆளு. அச்சுக்கூடத்துல எழுத்துக் கோக்கிற வேலை பாத்தவரு. ஈய எழுத்துங்கள திருப்பிப் போட்டுப் படிச்சுப் படிச்சு, மனுஷங்களையும் அப்பிடியே படிக்கப் பழகிட்டாரு. பொண்டாட்டி காலராவுல போனப்புறம் வேலூரு வேணாம்னு தங்கச் சுரங்கத்து ஊரான கோரமண்டலுக்கு வந்து, ஒரு தகரக் கொட்டாயில தனியா கெடந்தாரு. களவு, கொலை, காணாமப் போன ஆளுன்னு யாரு வந்து அழுதாலும் பாப்பாரு. அதிகம் பேச மாட்டாரு. அந்தக் கொறைய சம்பங்கி தீத்து வச்சான்.

பால்காரன் போன கையோட ஒரு பொம்பளை ஓடியாந்தா. சின்ன வயசு. ஏழு மாசம் இருக்கும், வயித்தை ஒரு கையில தாங்கிக்கினு இருந்தா. பேரு குணசுந்தரி. மைனு கூலிக்காரங்க குடியிருக்கிற ஸ்கெலட்டன் லைன்ல இருந்து ஒரே மூச்சா நடந்து வந்திருக்கா.

"எங்க வூட்டுக்காரரைப் புடிச்சுக்கினு பூட்டாங்கய்யா. தசரதனைக் கொன்னது அவருதானாம். மத்தியான வண்டியில பெங்களூருக்குக் கொண்டு போறாங்களாம். அங்க போனா தூக்குத்தானாம்."

கொர்னேலியஸ் முக்காலியத் தள்ளிப் போட்டு உக்காரச் சொன்னாரு. "உங்க வூட்டுக்காரரு பேரு இன்னாம்மா?"

அவ தலை குனிஞ்சுது. "திருப்பதி மலை மேல நிக்கிறாரே, அவரு பேரு."

"வெங்கடேசனா?"

"இல்லீங்க."

"ஏழுமலை?"

"இல்லீங்க."

"ஆயிரம் பேரு கீதும்மா அந்த சாமிக்கு"ன்னான் சம்பங்கி. "ஒவ்வொண்ணாக் கேட்டு முடிக்கறதுக்குள்ள வண்டி பௌரிங்பேட்டையத் தாண்டிடும்."

"மலை ஏறச்சே எல்லாரும் கத்துவாங்களே..."

"கோவிந்தன்!"

ஆமான்னு தலையாட்டினா. கண்ணுல தண்ணி கொட்டிச்சு. "செத்தவன் கையில துப்பாக்கி மருந்து போட்டு வைக்கிற ஒரு மருந்துக் கொம்பு இருந்துச்சாம். அதுல அந்தப் பேரு எழுதியிருக்குதாம். இன்ஸ்பெக்டரு சிரில் தொரை என் மூஞ்சிக்கு நேரா அதை நீட்டி, 'இது உன் புருஷன் பேருதானே, வாயத் தெறந்து சொல்லு'ன்னாரு. நான் எப்பிடிங்க சொல்லுவேன்? தலையக் குனிஞ்சுக்கினேன். 'பாத்தியா, ஒத்துக்கினா'ன்னுட்டாரு. கொம்பு எங்களுது இல்லன்னு அப்பாலே கத்துனேன். யாரு கேட்டா?"

"தசரதனோட சண்டை கிண்டை இருந்துச்சா?"

"முந்தாநாளு சாராயக் கடையில. 'அப்பன் பேரு தெரியாதவனே'ன்னு தசரதன் சொல்லிட்டான். இவரு 'மண்டைய ஒடைப்பேன்'னாரு. ஊரே கேட்டுச்சு." அவ மூக்கை உறிஞ்சினா. "இப்ப அவன் மண்டைதான் ஒடஞ்சு கெடக்குது."

கொர்னேலியஸ் சட்டைய மாட்டினாரு.

தசரதன் வூடு கோரமண்டல்ல மண்ணுமேட்டு ஓரமா தனியா நின்னுச்சு. மில்லு ஓயாம கல்லை இடிக்கிற சத்தத்துல மண் செவுரே நடுங்கும். உள்ளே பாதி இருட்டு. பழைய வாளு, ஒடஞ்ச கேடயம், துருப்புடிச்ச கட்டாரி, புளித் தண்ணி ஊத்தின சட்டி. பொணத்து மேல ஒரு கோணியப் போட்டிருந்தாங்க. கோணி பத்தல. காலு ரெண்டும் வெளிய நீட்டிக்கினு இருந்துச்சு. ஈ மொய்ச்சுது. பக்கத்துலயே ஒரு சுத்தி கெடந்துச்சு. அதுல மயிரு ஒட்டியிருந்துச்சு.

"இவன் யாவாரம் தெரியுமா வாத்தியாரே?"ன்னு சம்பங்கி குசுகுசுத்தான். "நேத்து அடிச்ச வாளை சாணியில பொதைச்சு, இன்னிக்கு எடுத்து திப்பு சுல்தான் வாளுன்னு தொரைங்க தலையில கட்டுவான். திப்பு இவ்ளோ வாளு வச்சிருந்தா தோத்தே இருக்க மாட்டாரு."

வாசல்ல காவலுக்கு நின்னவரு தாத்தா மேஸ்திரி. காலையில ஷிஃப்ட்டு முடிஞ்சு வரச்சே கதவு தெறந்து கெடந்ததைப் பாத்து போலீஸுக்கு ஆளு அனுப்பினது அவருதான். பேருதான் தாத்தா. வயசு முப்பதுகூட ஆகல, மீசையில ஒரு நரை கெடையாது, கண்ணாலமும் ஆகல. மைனுல சேந்த நாளா அவரு மாட்டிக்கினு வர்ற பேருத் தகட்டுல அந்தப் பேருதான்.

"இன்னா தாத்தா, பேரப்புள்ளைங்க சௌக்கியமா?"ன்னான் சம்பங்கி. தெனம் கேக்கிற கேள்வி. தெனம் ஒரு கெட்ட வார்த்தை பதிலா வரும். இன்னிக்கு மேஸ்திரி மூஞ்சியத் திருப்பிக்கினாரு.

இன்ஸ்பெக்டர் சிரில் உள்ளே பெட்டி மேல உக்காந்து சுருட்டுப் புடிச்சுக்கினு இருந்தாரு. சட்டைக்காரரு, பாதி வெள்ளைக்கார ரத்தம். தமிழு நல்லாவே பேசுவாரு, படிக்கத் தெரியாது.

"வா மேன், கொர்னேலியஸ். அழுதுக்கினு வந்திருப்பாளே அந்தப் பொண்ணு?"

"கொம்பைப் பாக்கலாமா?"

சிரில் எடுத்துக் குடுத்தாரு. ஒரு சாண் நீளம் இருக்கும். எருமைக் கொம்பு. நல்லாச் சொரண்டி மெலிசாக்கினது. வெளிச்சத்துல புடிச்சா ஆரஞ்சு நெறத்துல உள்ளாரத் தெரிஞ்சுது, எவ்ளோ மருந்து மிச்சம்னு பாக்கறதுக்கு. அடிப்பக்கம் மரக்கட்டை அடைச்சு, மொனையில குறுகலா ஒரு வாய். மூடியக் காணோம். பக்கவாட்டுல ஊசியால கீறின எழுத்து.

சம்பங்கி எட்டிப் பாத்தான். அச்சுப் புஸ்தகம் படிக்கிற அளவுக்கு அவனுக்கு எழுத்து தெரியும். "கொ... வி... ந... த... ன. கொவிநதன. இன்னா வாத்தியாரே இது, பேய் ஓட்டற மந்திரமா?"

"அடுத்தது?"

"தாது. அதுலயும் பாதி எழுத்து போயிருக்குது."

"கோவிந்தன், தாது"ன்னாரு சிரில். "அவன் பொறந்தது தாது வருஷப் பஞ்சத்துல. அவனே ஒத்துக்கினான். பேரு இருக்குது, பொறந்த வருஷம் இருக்குது, சண்டை இருக்குது. வேற இன்னா வேணும்?"

கொர்னேலியஸ் கொம்பை சன்னல்கிட்ட கொண்டு போனாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பாலே இடுப்புல வச்சுப் பாத்தாரு. எடது பக்கம் வச்சப்ப துருத்திக்கினு நின்னுச்சு. வலது பக்கம் மாத்தினதும் எலும்போட பொருந்தி உக்காந்துச்சு.

"இதை யாரோ ஒருத்தன் ஆயுசு பூரா வலது இடுப்புல மாட்டியிருக்கான். ஒடம்புல ஒரசுன பக்கம் மட்டும் கண்ணாடியாட்டம் வழவழன்னு கீது. அந்தப் பக்கம் சொரசொரப்புதான். தசரதன் செஞ்ச சாமானா இருந்தா சுத்தியும் ஒரே மாதிரி தேச்சிருப்பான். பொய்க்கு எந்தப் பக்கம் தேயணும்னு தெரியாது."

"சரி, பழசு. இருவது வருஷம்."

"வாயைப் பாருங்க தொரை. ஒரு கம்பு மணிகூட நுழையாது. குழல்ல போடற மருந்து பெருசு பெருசா இருக்கும், இதுல எறங்காது. இது திரித் துப்பாக்கியோட காதுல தூவுற பொடி மருந்துக்கு. தாது பஞ்சத்தப்ப எவன் திரி வச்சுச் சுட்டான்? எல்லாம் கேப்பு துப்பாக்கி வந்துடுச்சே." கொர்னேலியஸ் எழுத்து மேல வெரலை வச்சாரு. "எல்லாத்துக்கும் மேல இந்த எழுத்து. 'கோ'வுக்கு ரெட்டக் கொம்பு போடணும். இதுல ஒத்தக் கொம்பு. 'ந்', 'ன்' எதுக்கும் புள்ளி இல்ல. ஓலையில எழுதிப் பழகின கை. அந்தக் காலத்துல கொவும் கோவும் ஒரே எழுத்துதான். படிக்கிறவன்தான் நீட்டிக்கணும்."

"கொம்புல கொம்பு கொறையுதுன்னு கண்டுபுடிச்சவரு நீங்க ஒருத்தருதான்"ன்னான் சம்பங்கி.

"வருஷப் பேரு அறுவது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வரும் தொரை. இந்த தாது, பஞ்சத் தாது இல்ல. அதுக்கு மொதல்ல வந்த தாது. இது எம்பது வருஷத்துக் கொம்பு. பஞ்சத்துல பொறந்த கோவிந்தன் பேரு இதுல எப்பிடி வரும்?"

சம்பங்கிக்கு கை தட்டலாம் போல இருந்துச்சு. குணசுந்தரி கிட்ட ஓடிப் போய்ச் சொல்லணும்னு காலு பரபரத்துச்சு.

சிரில் சுருட்டைத் தட்டினாரு. அவசரமே இல்லாம சிரிச்சாரு.

"நான் இந்த ஊர்லயே பொறந்து வளந்தவன் மேன். தாத்தா பேரை யாருக்கு வைப்பீங்க? பேரனுக்கு. பேரன்னாலே பேரு வாங்கினவன்தானே? எம்பது வருஷத்துக் கோவிந்தன் யாரு? இவனோட தாத்தன். தாத்தன் கொம்பு, பேரன் கையில. அவன் பொறந்த வருஷம்னு சொன்னப்ப எனக்கே கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு. பொறந்த வருஷத்தை எவன் கொம்புல கீறுவான்? இப்ப இல்ல. கயித்தை நல்லா இறுக்கிக் குடுத்திட்டே. தாங்க்ஸ்."

வாசல்ல நின்ன மேஸ்திரி துண்டால மூஞ்சியத் தொடச்சுக்கினாரு.

கொர்னேலியஸ் கொம்பையே பாத்துக்கினு நின்னாரு. தாதுவோட கடைசி எழுத்து மேல வெள்ளை வெள்ளையா புதுக் கீறல். கீழ கோணிக்குப் பக்கத்துல ஒரு அரம் கெடந்துச்சு. அதோட பல்லுல வெள்ளைத் தூளு.

"செத்தவன் இதை ராவிக்கினு இருந்திருக்கான்"ன்னு தனக்குள்ள சொல்லிக்கினாரு. "தாதுன்னு இருந்தா திப்பு காலத்துக்கு ஒத்து வராது. வருஷத்தை எடுத்துட்டா எந்தக் காலம்னு வேணா சொல்லலாம். ராவிக்கினு இருக்கச்சே யாரோ வந்திருக்காங்க."

"கோவிந்தன் வந்தான்"ன்னு சிரில் எழுந்தாரு. "வா, அவனையே கேளு. வண்டிக்கு நேரம் இருக்குது."

மாரிகுப்பத்துல ஸ்டேஷனுக்கு ஒட்டினாப்பல லாக்கப்பு. கோவிந்தன் செவுத்துல சாஞ்சு குந்தியிருந்தான். ஒதடு கிழிஞ்சிருந்துச்சு. யாரும் கேக்காமலே போலீஸு குடுத்த மரியாதை.

கொர்னேலியஸ் கம்பிக்குப் பக்கத்துல குந்தினாரு. "தம்பி, உங்க தாத்தா பேரு இன்னா?"

"தெரியாதுங்க."

"அப்பா பேரு?"

"அதுவும் தெரியாது. தசரதன் பொய்யாச் சொல்லல." அவன் சிரிக்கப் பாத்தான், ஒதடு வலிச்சுது. "பஞ்சத்துல ஆம்பூரு ரோட்டுல கெடந்தேனாம். செத்த பொம்பளை பக்கத்துல. பொணவண்டியோட கோவிந்தா கோவிந்தான்னு கத்திக்கினு போனவங்க, இது இன்னும் மூச்சு வுடுதேன்னு எடுத்தாங்களாம். அவங்க வாயில இருந்த பேரையே வச்சுட்டாங்க. வளத்தவரு இங்கதான் ஷாஃப்ட்டுல வேலை செஞ்சாரு. போன வருஷம் கூண்டு அறுந்து பூட்டாரு."

சம்பங்கி வேற எங்கயோ பாத்தான். அந்தக் கூண்டு அறுந்த அன்னிக்கு மணி அடிச்சவன் அவனோட கூட்டாளி.

"கேட்டீங்களா தொரை?"ன்னாரு கொர்னேலியஸ். "ரோட்டுல கெடந்த புள்ளைக்கு தாத்தா கொம்பு எங்கிருந்து வரும்? தாத்தா சொத்து வர்றதுக்கு மொதல்ல தாத்தா வேணுமே."

"கதை நல்லா இருக்குது. சாட்சி செத்துட்டான்"ன்னாரு சிரில். ஆனா குரல்ல பழைய இறுக்கம் இல்ல.

கொர்னேலியஸ் எழுந்தாரு. முழங்கால்ல ஒட்டின மண்ணைத் தட்டினாரு. "ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு தமிழ் எழுத்து வராது. உங்க கான்ஸ்டபிளுக்கு கன்னடந்தான். இந்த எழுத்தை உங்களுக்குப் படிச்சுச் சொன்னது யாரு?"

"தாத்தா மேஸ்திரி. பொணத்தைப் பாத்தவன் அவன்தானே, அங்கேயே நின்னான்."

சம்பங்கிக்கு புரை ஏறிச்சு. "தாத்தாவா? சம்பளத்தன்னிக்கு மைக்காக வரிசையில பெருவெரலை நீட்டிக்கினு நிக்கிற ஆளு தொரை அவன்! தகட்டைத் தலைகீழா மாட்டிக்கினு வருவான். அச்சு எழுத்து படிக்கிற எனக்கே அது மந்திரமாட்டம் கீது. கைநாட்டு எப்பிடி படிச்சான்?"

சிரில் சுருட்டை வாயில இருந்து எடுத்தாரு.

"கையில வாங்கிப் பாத்தானா?"ன்னு கேட்டாரு கொர்னேலியஸ்.

"இல்ல. வெரலை ஒடைச்சு எடுத்து நான்தான் வச்சிருந்தேன். அவன் வாசல்ல நின்னான். இன்னா மேன் எழுதியிருக்குன்னேன். டக்குன்னு சொன்னான், கோவிந்தன், தாதுன்னு."

"கூட வேற யாரு இருந்தாங்க?"

"நான். கான்ஸ்டபிள். பொணம்."

"பொணம் சொல்லியிருக்காது"ன்னான் சம்பங்கி. "அதுக்குத்தான் வெரலை ஒடைச்சிட்டீங்களே, கோவத்துல இருந்திருக்கும்."

சிரில் கொம்பை எடுத்து அந்த எழுத்தைப் பாத்தாரு.

"படிக்கத் தெரியாதவன், தூரத்துல நின்னுக்கினு, புள்ளி இல்லாத எழுத்தை நீட்ட வேண்டிய எடத்துல நீட்டிப் படிச்சிருக்கான்"ன்னாரு கொர்னேலியஸ். "அவன் படிக்கல தொரை. அவனுக்கு மனப்பாடம்."

"ஆனா கொம்பு கோவிந்தனோடது. அவன் பேரு தாத்தா"ன்னாரு சிரில்.

"தாத்தான்னு எந்தத் தாயாவது பேரு வைப்பாளா? அவனோட அம்மா ஸ்கெலட்டன்ல கீறாங்க. கொம்பை எடுத்துக்கினு வாங்க."

மேஸ்திரியோட அம்மா பாப்பம்மா வூட்டு வாசல்லயே கேழ்வரகுக் களி வாசனை அடிச்சுது. உருண்டை புடிச்சு வாழைச்சருகுல கட்டிக்கினு இருந்தா. தொரையப் பாத்ததும் பதறி எழுந்தா.

"வாங்க சாமி, வாங்க. எம்புள்ளை சாட்சி சொல்ல உங்களோட பெங்களூரு வரானாமே. சோறு கட்டிக்கினு கீறேன். குளிச்சுட்டு இப்பத்தான் ஸ்டேஷனுக்குப் போனான். உங்களுக்கும் ரெண்டு உருண்டை வைக்கட்டா?"

"இருக்கட்டும்மா"ன்னாரு கொர்னேலியஸ். அவரு குரல் எறங்கிப் போச்சு. சம்பங்கிக்கு அது பழக்கம். ஏதோ ஒண்ணை ஒடைக்கப் போறப்பதான் அவரு அப்பிடிப் பேசுவாரு. "உங்க புள்ளை பேரு இன்னாம்மா?"

"தாத்தாதான்."

"அது மைனுல கூப்புடற பேரு. நீங்க வச்ச பேரு?"

பாப்பம்மா வெக்கப்பட்டுச் சிரிச்சா. பொக்கை வாயைப் பொத்திக்கினா. "அதை நான் எப்பிடி சாமி சொல்றது? எங்க மாமனாரு பேராச்சே. மருமவ வாயால வரலாமா? பொறந்ததுல இருந்து நான் அவனை ராசா, கண்ணுன்னுதான். மைனுல பேரு குடுக்கப் போனதும் நான்தான், இவன் வெளிய கல்லு சொமந்துக்கினு இருந்தான். கணக்கப்புள்ளை புள்ளை பேரு கேட்டாரு. 'அவங்க தாத்தா பேருதாங்க'ன்னேன். அந்த மனுஷன் தாத்தான்னே எழுதிக்கினாரு! திருத்தணும்னா மாமனாரு பேரைச் சொல்லணுமே. வுட்டுட்டேன். அவனும் சிரிச்சுக்கினே வுட்டுட்டான்."

சம்பங்கி தன் தலையில தட்டிக்கினான். எத்தினி வருஷமா அந்தப் பேரை வச்சு கிண்டல் பண்ணியிருக்கான்.

கொர்னேலியஸ் சிரில் கிட்ட கையை நீட்டினாரு. கொம்பை வாங்கி, ஒண்ணும் சொல்லாம அவ முன்னாடி வச்சாரு.

அந்தம்மா மூஞ்சி வெளக்கு ஏத்தினாப்பல ஆச்சு.

"ஐயோ, கெடச்சுடுச்சா! எங்க மாமனாரு கொம்பு சாமி இது! அவரு கண்ணாலம் ஆன வருஷம் அவரு கையாலயே கீறினது. துப்பாக்கிய சர்க்காரு வாங்கிக்கிச்சு, இது ஒண்ணுதான் நின்னுச்சு. எங்க வூட்டுக்காரரு இருந்தவரைக்கும் தெனம் வெளக்கு வைக்கச்சே புள்ளை வெரலைப் புடிச்சு இந்த எழுத்து மேல வச்சு சொல்லிக் குடுப்பாரு. ரெண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. இந்த எழுத்து மட்டும் தெரியும்." கொம்பைக் கண்ணுல ஒத்திக்கினா. "மூடி கழண்டு போச்சுன்னு பாவம் அந்த தசரதன் பித்தள மூடி போட்டுத் தரேன்னு வாங்கிக்கினு போனான். அவன் செத்தான்னதும் கொம்பும் போச்சுன்னு இருந்தேன்."

"உங்க புள்ளைக்கு அது தெரியுமா?"

"நேத்து சாயங்காலம் மாடத்துல காணோம்னு கேட்டான். சொன்னேன். 'அவன்கிட்டயா குடுத்தே'ன்னு ஒரே கோவம். வாங்கியாறேன்னு போனான். அப்பாலே வந்து தசரதன் வூடு பூட்டியிருக்குன்னான்." அவ வெரலு கீறல் மேல தடவிச்சு. நின்னுச்சு. "இது இன்னா சாமி, எழுத்து அழிஞ்சிருக்குது? எம்புள்ளை பாத்தா மனசு ஒடஞ்சு பூடுவானே!"

சிரில் தொப்பிய எடுத்துக் கையில வச்சுக்கினாரு. "கொம்பு கொஞ்ச நாளு எங்க கிட்ட இருக்கணும்மா"ன்னாரு.

மூணு பேரும் வெளிய வந்து, லைனைத் தாண்டி ஸ்டேஷனுக்கு நடந்தாங்க.

மாரிகுப்பம் ஸ்டேஷன்ல வண்டி நின்னுக்கினு இருந்துச்சு. இஞ்சின் தண்ணி குடிச்சுக்கினு இருந்துச்சு. பிளாட்பாரத்து பெஞ்சுல ஒரு பக்கம் வெலங்கோட கோவிந்தன், பக்கத்துல கான்ஸ்டபிள். கம்பி வேலிக்கு அந்தாண்ட குணசுந்தரி. பெஞ்சோட இன்னொரு பக்கம், சலவை வேட்டி கட்டிக்கினு, தலைய வாரிக்கினு, மேஸ்திரி.

கொர்னேலியஸ் அவரு முன்னாடி போய் நின்னாரு. சத்தமில்லாம கூப்ட்டாரு.

"கோவிந்தன் மேஸ்திரி."

அவரு ஒடனே திரும்பல. அந்தப் பேருக்குத் திரும்பிப் பழக்கமே இல்ல. கொஞ்சம் கழிச்சுத்தான் தலை நிமிந்துச்சு. கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு.

"எங்கம்மா சொல்லிச்சா?"

"சொல்லல. சொல்ல மாட்டேன்னுட்டாங்க. அதுலதான் தெரிஞ்சுது."

மேஸ்திரி தன்னோட கையப் பாத்தாரு. ஓடலாமான்னு பாக்கிறவரு மாதிரி தெரியல. சம்பங்கி இருந்தாலும் ஒரு எட்டு பக்கத்துல போனான்.

"வருஷம் பாதி போயிருந்துச்சு"ன்னாரு மேஸ்திரி. "எங்கப்பன் என் வெரலை வச்ச எடம். நிறுத்துடான்னேன். தூளை ஊதிட்டு சிரிக்கிறான். 'வருஷம் முடிஞ்சுது, அடுத்தது பேரு. உன் தாத்தன் யாருன்னு எந்தத் தொரைக்குத் தெரியணும்'னான். அரத்தைப் பேரு மேல வச்சான். சுத்தி கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சு." கையால இழுத்துக் காட்டினாரு. "செத்தப்புறமும் வுடல அவன். எம்மாம் இழுத்தேன். அவன் கையில இருந்து வரவே இல்ல."

சிரில் வெலங்கோட சாவிய எடுத்தாரு. கோவிந்தன் கை வெளிய வந்துச்சு. மணிக்கட்டு வீங்கியிருந்துச்சு. அதே வெலங்கு அந்தப் பக்கம் போய் மாட்டிக்கிச்சு.

மேஸ்திரி மொத தடவையா கோவிந்தனைப் பாத்தாரு. "தொரை இன்னா எழுதியிருக்குன்னாரு தம்பி. சின்ன வயசுல இருந்து சொன்னதாச்சா, வாயில தானா வந்துடுச்சு. அது யாருன்னு கேட்டாரு. நான்தான்னு சொல்ல தைரியம் இல்ல. உன்னைக் காட்டிட்டேன்."

"எனுக்கு இந்த ஒலகத்துல அந்தப் பேரு ஒண்ணுதான் இருந்துச்சு"ன்னான் கோவிந்தன். "அதை வச்சே என்னைத் தூக்குல போடப் பாத்தியே, அண்ணே."

திட்டல. கத்தல. அப்பிடிச் சொல்லிட்டு வேலிப் பக்கம் நடந்து போனான். குணசுந்தரி கம்பி வழியா கைய வுட்டு அவன் சட்டையப் புடிச்சுக்கினா. பேரு சொல்லிக் கூப்புட முடியாதவ, சட்டையைத்தான் புடிச்சுக்கினு நின்னா. வுடவே இல்ல.

இஞ்சின் கூவிச்சு. அந்த நேரத்துலதான் சம்பங்கி பாத்தான், பிளாட்பாரத்துக் கோடியில வாழைச்சருகு மூட்டைய மாருல அணைச்சுக்கினு பாப்பம்மா வேக வேகமா வந்துக்கினு இருந்தா. கூட்டத்துல அவளுக்கு ஒண்ணும் தெரியல. எதுர ஓடினான்.

பின்னாடி கான்ஸ்டபிள் தொண்டையத் தெறந்து கத்தினான்: "கைதி கோவிந்தன்! ஏறு வண்டியில!"

பாப்பம்மா நின்னுட்டா. மாமனாரு பேரு காதுல வுழுந்ததும் கை தன்னால போயி முந்தானைய இழுத்துத் தலைமேல போட்டுக்கிச்சு. ஒதுங்கி, செவுத்துப் பக்கம் திரும்பி, மரியாதையாத் தலை குனிஞ்சு நின்னா. அவ முதுகுக்குப் பின்னாடி வெலங்குச் சத்தம் கேட்டுச்சு. பொட்டிக் கதவு சாத்தற சத்தம் கேட்டுச்சு. வண்டி அசைஞ்சுது.

சன்னல்ல ஒரு மூஞ்சி தெரிஞ்சுது. இந்தப் பக்கமே பாத்துக்கினு இருந்துச்சு. வாய் தெறக்கல.

"யாரோ பெரியவங்க பேரைச் சொன்னாங்களே சம்பங்கி"ன்னு முந்தானைக்குள்ள இருந்தே கேட்டா பாப்பம்மா. "பூட்டாங்களா? நான் தலையத் தூக்கலாமா?"

கடைசிப் பொட்டி இன்னும் பிளாட்பாரத்தைத் தாண்டல.

"கொஞ்சம் இரும்மா"ன்னான் சம்பங்கி.